சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், நம்மை எப்போது கேட்பார்கள்? வேளச்சேரி–தாம்பரம் சாலையை முன்வைத்து ஒரு கேள்வி–பதில்

வேளச்சேரி விஜயநகரில் புறப்பட்டு பள்ளிக்கரணை, மேடவாக்கம், வேங்கைவாசல், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு, சேலையூர் வழியாகக் கிழக்கு தாம்பரம் போய்ச் சேருகிற சாலை இது. முப்பது வருஷத்துக்கு முன் ஏரியும் வயலும் பார்த்துக்கொண்டு போன சாலையில் இன்று சிக்னலையும் டூ வீலரையும்தான் பார்க்க முடிகிறது. அகலப்படுத்தல், மேம்பாலம், நடுத்தடுப்பு, யூ டர்ன், வடிகால் என்று ஏதாவது ஒரு வேலை எப்போதும் நடந்துகொண்டிருக்கும், அல்லது நடக்கப்போவதாகப் பேச்சு இருக்கும். குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. சாலை, பூந்தமல்லி சாலை ஓரம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

இந்தச் சாலை யாருடையது? யாரிடம் போய்ப் பேசுவது?

வண்டி ஓடும் பகுதி மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. அதைத் தாண்டி ஓரடி வைத்தால் ஆள் மாறிவிடுவார். வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் சென்னை மாநகராட்சி. மேடவாக்கமும் வேங்கைவாசலும் ஊராட்சிகளாகவே இருந்து பெருத்துப்போனவை, மாநகராட்சியோடு இணைப்பது பற்றிய பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. செம்பாக்கத்திலிருந்து தாம்பரம் வரை, 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவான தாம்பரம் மாநகராட்சி. பள்ளிக்கரணை சென்னை மாவட்டம், மேடவாக்கம் செங்கல்பட்டு மாவட்டம். போக்குவரத்துக் காவலிலும் ஒரு பகுதி சென்னை ஆணையரகம், மீதி தாம்பரம் ஆணையரகம். சதுப்புநிலம் வனத்துறைக்கு, மின்கம்பம் மின்வாரியத்துக்கு, பேருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு. மேடவாக்கத்தில் மெட்ரோ நிறுவனமும் தூண் நட்டுக்கொண்டிருக்கிறது.

ஆகவே "அரசாங்கம் இதைச் செய்ய வேண்டும்" என்று எழுதிய மனு எங்கேயும் போய்ச் சேராது. சாலை வடிவமைப்பு பற்றிய எதற்கும் முதல் முகவரி நெடுஞ்சாலைத் துறையின் கோட்டப் பொறியாளர். அன்றாடம் பார்த்துப் பேசக் கிடைப்பவர் உதவிக் கோட்டப் பொறியாளர். சிக்னலும் யூ டர்னும் காவல்துறையிடம். குப்பை, தெருவிளக்கு, கிளைத்தெரு முனை எல்லாம் உள்ளாட்சியிடம். எந்த மனுவை எழுதினாலும் மற்ற இரண்டு பேருக்கும் நகல் அனுப்புங்கள். "அது எங்கள் வேலை இல்லை" என்ற பதில் எழுத்தில் வந்தால் அதுவும் ஒரு லாபம்தான், அடுத்த அலுவலகத்தில் எடுத்துக் காட்டலாம்.

இவர்கள் எல்லாரையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத்தான் 'கும்டா' எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010இலேயே சட்டம் போட்டார்கள். அது உயிர்பெற்று முதலமைச்சர் தலைமையில் கூட்டம் நடத்த 2022 ஆனது. பேருந்து, ரயில், மெட்ரோ, நடைபாதை எல்லாம் கலந்த கோரிக்கை என்றால் அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.

மக்களைக் கேட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

சொல்கிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் சொல்லவில்லை.

பெரும்பாலோர் மனத்தில் இருப்பது ஆட்சியர் மேடையில் உட்கார்ந்து மைக்கில் கருத்துக் கேட்கும் கூட்டம். அது 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடப்பது. ஊருக்கு நடுவே ஏற்கெனவே இருக்கும் சாலையைச் சில கிலோமீட்டர் அகலப்படுத்துவது அதன் வரம்புக்குள் பொதுவாக வராது. மலைப்பகுதி, சூழல் நுண்ணுணர்வு மண்டலம் என்றால் கதை வேறு.

அடுத்தது நில எடுப்பு. தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம், 2001இன் 15ஆம் பிரிவுப்படி நிலத்தை எடுக்குமுன் "ஏன் எடுக்கக் கூடாது?" என்று காரணம் கேட்டு அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3சி பிரிவு, ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள். இரண்டிலும் கேட்கப்படுபவர் நிலத்தில் உரிமை உள்ளவர். தினமும் அங்கே பேருந்து ஏறும் பெண்ணையோ, சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையையோ அந்த அறிவிப்பு தேடிப் போகாது. அது வரும்போது கோடும் போட்டாகிவிட்டிருக்கும். அகலம் இத்தனை மீட்டர் என்று முடிவான பிறகு கேட்பது, பந்தி போட்டு இலையில் பரிமாறிய பிறகு "என்ன சமைக்கட்டும்?" என்று கேட்பதுபோலத்தான்.

மூன்றாவது, 'மாஸ்டர் பிளான்' எனப்படும் முழுமைத் திட்டம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி வரைவை வெளியிட்டு, இரண்டு மாதத்துக்குக் குறையாமல் மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் வாங்க வேண்டும். இதற்கு நிலம் வைத்திருக்க வேண்டியதில்லை, யாரும் எழுதலாம். எந்தச் சாலை எத்தனை மீட்டர் அகலமாக வேண்டும் என்ற விதை விழுவது அங்கேதான். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.வின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் வந்தது, 2026 வரைக்குமானது. அடுத்த இருபது ஆண்டுக்கான மூன்றாவது திட்டத்தின் வரைவு வெளியாகும்போது உங்கள் சாலையின் பெயர் அதில் எந்தப் பக்கத்தில், எந்த அகலத்தோடு இருக்கிறது என்று பாருங்கள். நில எடுப்பு அறிவிப்பு வரும் நாளில் கூடும் கூட்டத்தில் பாதி அப்போது எழுதியிருந்தாலே பல விஷயம் மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் வாய் திறக்கச் சரியான நேரம் எது?

சட்டமன்றத்தில் நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கான நிதி ஒதுக்கீடு, விவாதத்துக்கு வரும்போது அறிவிப்புகளைக் கவனியுங்கள். "இன்ன சாலையை அகலப்படுத்த விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கப்படும்" என்று ஒரு வரி வரும். அந்த வரிதான் மணி. அதற்குப் பிறகு கலந்தாலோசகரை அமர்த்துவார்கள், வண்டிகளை எண்ணுவார்கள், நிலத்தை அளப்பார்கள், இரண்டு மூன்று மாற்று வடிவங்கள் போடுவார்கள், ஒன்றைத் தேர்வார்கள். அறிக்கை முடிந்து நிர்வாக ஒப்புதல் வந்த பின் எண்களை மாற்ற அதிகாரிக்கே மனம் இருந்தாலும் கை வராது. மறுமதிப்பீடு, மறு ஒப்புதல், தணிக்கைக் கேள்வி எல்லாம் பின்னாலேயே வரும்.

சுவரில் சிவப்பு பெயிண்டால் அம்புக்குறி போட்டிருந்தால் பாதி ரயில் போய்விட்டது. ஒப்பந்தப்புள்ளி வந்துவிட்டால், வடிவத்தை விட்டுவிட்டு வேலை நடக்கும் முறையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

திட்ட அறிக்கையை நமக்குக் காட்டுவார்களா?

கேட்காமல் காட்ட மாட்டார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், 30 நாள். "இந்தச் சாலைத் திட்டம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் எதுவும் வராது. குறிப்பாகக் கேளுங்கள்: போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடந்த தேதிகளும் இடங்களும், அதன் அட்டவணை, குறுக்குவெட்டு வரைபடம், பரிசீலித்துக் கைவிட்ட மாற்று வடிவங்கள், மழைநீர் வடிகாலின் மட்டக் கணக்கு, வெட்டப்போகும் மரங்களின் பட்டியல். நகல் கொடுக்கத் தயங்கினால், நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடும் உரிமை அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் இருக்கிறது. பிரிவு எண்ணில் தடுமாற வேண்டாம், "கோப்பைப் பார்வையிட விரும்புகிறேன்" என்று எழுதினால் போதும். வரைபடம் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். எந்தத் தெருவிலும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவராவது இருப்பார், கூப்பிடமாட்டார்களா என்று காத்துக்கொண்டிருப்பார்.

வண்டிகளை எண்ணுகிறார்களே, அதில் நமக்கு என்ன?

எல்லாமே அதில்தான் இருக்கிறது.

கேமரா வைத்தோ ஆள் வைத்தோ எண்ணிய பிறகு, ஒவ்வொரு வண்டியையும் 'பி.சி.யு.' என்ற கார் அலகாக மாற்றுவார்கள். சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் 1990ஆம் ஆண்டு நகரச் சாலை வழிகாட்டியில் கார் 1. இருசக்கர வண்டி 0.5 அல்லது 0.75. பேருந்து 2.2 முதல் 3.7 வரை. இடத்தை எவ்வளவு அடைக்கிறது என்பதற்கு இது நியாயமான கணக்கு, தவறில்லை. ஆனால் அறுபது பேரை ஏற்றிவரும் பேருந்து அந்தத் தாளில் அதிகபட்சம் நான்கு கார் மாதிரிதான் தெரியும். அதே அறுபது பேர் ஆளுக்கொரு காரில் வந்தால் அறுபது. நடந்து போகிறவருக்கு அந்த அட்டவணையில் வரிசையே கிடையாது.

இந்த எண்ணை வருஷத்துக்கு இத்தனை சதவீதம் வளரும் என்று பெருக்கி, இருபது ஆண்டுக்குப் பிறகு எத்தனை தடம் தேவை என்று முடிவுசெய்கிறார்கள். விடையில் கார்தான் வரும், ஏனென்றால் கேள்வியில் கார்தான் இருந்தது. ஆகவே கணக்கெடுப்பு நடக்கும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. வண்டியோடு ஆட்களையும் எண்ணுங்கள். சாலையைக் கடப்பவர்களை எண்ணுங்கள். பள்ளி விடுமுறையில் எண்ணாதீர்கள். கேம்ப் ரோடு முனையில் எண்ணும்போது அகரம்தென் பக்கம் திரும்பும் வண்டிகளைத் தனியாக எடுங்கள்.

நாமே எண்ணிக் கொடுத்தால் ஏற்பார்களா?

அதிகாரபூர்வமாக ஏற்க மாட்டார்கள், ஆனால் ஒதுக்கித் தள்ளவும் முடியாது. காலை எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரு நிறுத்தத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் ஓடிக் கடக்கிறார்கள், எத்தனை பேருந்து நிறுத்தத்தில் நிற்காமல் நடுச்சாலையில் நிற்கிறது என்று கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் இரண்டு மூன்று வேலை நாளில் எடுத்துவிடலாம். தேதி, நேரம், இடம், எண்ணியவர் பெயர், புகைப்படம் இருக்க வேண்டும். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த நிறுத்தங்களில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பிரித்து எண்ணினால், சாலை யாருக்காக என்ற பேச்சே கூட்டத்தில் திசை மாறும்.

விபத்துக் கணக்கும் முக்கியம். மூன்று ஆண்டில் ஏறத்தாழ 500 மீட்டருக்குள் உயிரிழப்போ பலத்த காயமோ நேர்ந்த விபத்து ஐந்து, அல்லது பத்து உயிரிழப்பு என்றால் மத்திய அமைச்சகத்தின் வரையறைப்படி அது 'பிளாக் ஸ்பாட்'. அப்படி ஒரு இடம் உங்கள் பக்கம் இருந்தால், ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் காவல்துறைக் கணக்கோடு எழுதுங்கள். நாடு முழுக்க 2022இல் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர், அதில் 32,825 பேர் நடந்துபோனவர்கள். அதே ஆண்டில் அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105.

மேடவாக்கத்தில் மேம்பாலம் வந்ததே, நெரிசல் தீர்ந்ததா?

2021இல் ஒரு பக்கப் பாலமும், 2022 மே மாதம் வேளச்சேரியிலிருந்து தாம்பரம் போகும் பக்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றே நீண்ட இன்னொரு பாலமும் திறந்தார்கள். நேரே போகிறவருக்கு நிச்சயம் லாபம். முன்பு மேடவாக்கத்தில் நின்ற நேரம் நினைவிருப்பவர்கள் இதை மறுக்க மாட்டார்கள்.

பாலத்துக்குக் கீழே மேடவாக்கத்திலேயே வேலை இருப்பவர் கதை வேறு. பெரும்பாக்கத்துக்குத் திரும்ப வேண்டியவர், சோழிங்கநல்லூர் பேருந்துக்கு மாற வேண்டியவர், காய்கறி வாங்க எதிர்ப்பக்கம் போக வேண்டிய பாட்டி, இவர்களுக்குப் பாலம் தலைக்கு மேல் போகும் சத்தம் மட்டும்தான். பாலம் இறங்கும் இடத்தில் அடுத்த நெரிசல் தொடங்குவதும் புதிதல்ல. மேம்பாலம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பாலம் வரைபடத்தில் இருக்கும்போதே "கீழே என்ன?" என்ற தாளும் வேண்டும் என்று கேட்க வேண்டும். நிறுத்தம் எங்கே, கடக்கும் இடம் எங்கே, விளக்கு யார் பொறுப்பு, தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துவார்களா கழிப்பறை வருமா என்பதெல்லாம் பாலம் முடிந்த பின் யோசித்தால் வராது.

நடுத்தடுப்பில் இருந்த திறப்பை ஒரே இரவில் மூடிவிட்டார்கள். யாரைக் கேட்பது?

போக்குவரத்துக் காவல் துணை ஆணையரை. சோதனை முயற்சி என்று சொல்லித்தான் பெரும்பாலும் மூடுவார்கள். சோதனை எத்தனை நாள், எதை வைத்து வெற்றி என்று முடிவு செய்வீர்கள் என்று கேளுங்கள். திறப்பை மூடினால் வண்டி யூ டர்ன் போட்டு வந்துவிடும், நடப்பவர் தடுப்பின் மேல் ஏறிக் குதிப்பார். ஆகவே வண்டிக்கு மூடுங்கள், மனிதருக்குத் திறந்து வையுங்கள் என்பதே பல இடங்களில் போதுமான கோரிக்கை. நடை மேம்பாலம் கட்டித் தருகிறோம் என்பார்கள். படி ஏற முடிந்தவர்களே அதில் ஏறுவதில்லை. சிக்னலோடு தரைமட்டத்தில் கடக்கும் வழியை முதலில் கேளுங்கள்.

நடைபாதைக்கு அகலம் எவ்வளவு கேட்கலாம்?

இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டிப்படி நடக்கத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், கடைவீதியில் அதைவிடக் கூடுதல். உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. மின்மாற்றிப் பெட்டியையும் பெயர்ப்பலகைக் கம்பத்தையும் கழித்த பிறகு இந்த 1.8 இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள், வரைபடத்தில் எல்லா நடைபாதையும் அகலமாகத்தான் இருக்கும். உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம், தடையில்லாத நடைபாதையை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையோடு சேர்த்துச் சொன்னது. மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

'ஊருக்கு நடுவில் இதெல்லாம் நடக்காது' என்பவர்களுக்குத் தியாகராய நகர் பாண்டி பஜாரைக் காட்டலாம். அங்கே 2019 நவம்பரில் நடையர் வளாகம் திறப்பதற்கு முன் வண்டிகளை நிறுத்திச் சோதனை செய்து காட்டினார்கள். கண்ணால் பார்த்த பிறகு பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது. புறநகர்ச் சாலையில் அதை அப்படியே எடுத்துவந்து ஒட்ட முடியாது, ஆனால் நூறு மீட்டரில் தடுப்புக் கூம்பு வைத்துச் சோதித்துப் பார்க்கச் சொல்வதற்கு யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டு முன்பக்கம் போகிறது. என்ன கிடைக்கும்?

மாநில நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் எடுத்தாலும் இழப்பீடும் மறுவாழ்வும் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் அளவுப்படி. நகர்ப்புறத்தில் சந்தை மதிப்பு, அதே அளவுக்கு ஆறுதல் தொகை, கட்டடத்துக்கும் மரத்துக்கும் தனி மதிப்பு. ஆனால் 2013 சட்டத்தில் இருக்கும் சமூகத் தாக்க மதிப்பீடு இங்கே பொருந்தாது. 2019இல் மாநில அரசு தன் பழைய நில எடுப்புச் சட்டங்களை மீட்டெடுத்ததையும் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டுவிட்டது.

பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, வரைபட அனுமதி எல்லாம் இப்போதே எடுத்து வையுங்கள். பழைய நத்தம் நிலங்களில் தாத்தா பெயரிலேயே பட்டா இருக்கும், பங்காளிகள் மூன்று மாநிலத்தில் இருப்பார்கள். இழப்பீடு வருஷக்கணக்கில் தேங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அறிவிப்பு வந்தால் கையெழுத்திட்டு வாங்குங்கள், வாங்காமல் விட்டால் நாள் நிற்காது.

வாடகைக் கடைக்காரருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் கூட்டத்தில் இடம் உண்டா?

உண்டாக்க வேண்டும். வாடகைதாரரும் பிழைப்பை இழப்பவரும் 2013 சட்டத்தில் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்ற வரையறைக்குள் வர முடியும். அதற்கு மூன்று ஆண்டு அங்கே தொழில் செய்ததற்கான ஆதாரம் வேண்டும். மின்கட்டண ரசீது, உரிமம், வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் எடுத்து வைக்கட்டும்.

தெருவோர வியாபாரிகளுக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுத்து விற்பனைச் சான்று தரும் வரை அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதற்கு 30 நாள் அறிவிப்பு. நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒருவர் பெண். இந்தச் சட்டம் நகர உள்ளாட்சிகளை மனத்தில் வைத்து எழுதியது, ஊராட்சிப் பகுதிக்குள் போனால் பிடி தளர்ந்துவிடும். நம் சங்கங்களின் மனுக்களில் "ஆக்கிரமிப்பை அகற்றுக" என்பது முதல் வரியாக இருக்கும், அதே ஆள் இரவு எட்டு மணிக்கு அதே வண்டியில் இட்லி வாங்கிக்கொண்டிருப்பார். வண்டிகளுக்கு வரைபடத்தில் இடம் ஒதுக்கச் சொல்லிக் கேட்டால் நடைபாதையும் மிஞ்சும், இட்லியும் மிஞ்சும்.

சாலை உயர்ந்துகொண்டே போகிறது, வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது.

பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு வடியும் நிலம் இது. நாராயணபுரம், செம்பாக்கம் என்று சுற்றிலும் இருக்கும் ஏரிகளின் உபரி நீருக்கு இந்தச் சாலை குறுக்கே படுத்திருக்கிறது. 2022இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி பெற்ற சதுப்புநிலம் 1,247 ஹெக்டேர், ஆனால் அதற்குத் தண்ணீர் போகும் கால்வாய்களும் சிறுபாலங்களும் அந்த எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அகலப்படுத்தும்போது சிறுபாலத்தில் தண்ணீர் போகும் கண்கள் எத்தனை, அடிமட்டம் எவ்வளவு என்பதைக் கேட்காமல் விடாதீர்கள். பாலம் நீளமாகும், கண் அப்படியே இருக்கும்.

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021 மே மாதமே தலைமைச் செயலாளர் எல்லாத் துறைக்கும் அறிவுறுத்தினார். வேலை தொடங்குமுன் உங்கள் வாசற்படியிலிருந்து சாலை எவ்வளவு உயரம் என்று அளந்து புகைப்படம் எடுத்து வையுங்கள். சாலை போட்ட மறுநாள் சண்டை போடுவதைவிட அது பத்து மடங்கு பயன்.

மெட்ரோ வந்துவிட்டால் இதெல்லாம் தேவையா?

ஐந்தாம் வழித்தடம் மாதவரத்திலிருந்து கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம் வழியாக மேடவாக்கத்தில் இந்தச் சாலையைத் தொட்டு சோழிங்கநல்லூர் போகிறது. செம்பாக்கத்துக்காரர் மேடவாக்கம் நிலையத்துக்கு எப்படி வருவார் என்பது மெட்ரோவின் கேள்வியும்தான், நெடுஞ்சாலைத் துறையின் கேள்வியும்தான். இருவரும் மற்றவரைக் கைகாட்டுவார்கள். நிலைய வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது, அதன் எதிரே பேருந்து நிற்குமா என்பதை இப்போதே எழுதிக் கேளுங்கள். வெளிநாட்டு வங்கிக் கடனில் நடக்கும் திட்டங்களில் குறைதீர்ப்பு முறை ஒன்று கட்டாயம் இருக்கும், அங்கே கொடுக்கும் மனு வழக்கமான மனுவைவிடச் சீக்கிரம் நகரும்.

கிராம சபை, பகுதி சபைத் தீர்மானத்துக்கு மதிப்பு உண்டா?

நெடுஞ்சாலைத் துறையைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பதிவேட்டில் ஏறிவிடும். மேடவாக்கம் மாதிரி ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சிப் பகுதியில் வார்டு குழுவும் பகுதி சபையும் 2022இல் வந்தன. முதல் பகுதி சபைக்கு முதலமைச்சர் வந்தது தாம்பரம் மாநகராட்சியின் பம்மலுக்குத்தான். அதற்குப் பிறகு பல வார்டுகளில் பகுதி சபை நடந்ததே தெரியாமல் நடக்கிறது. கவுன்சிலரிடம் தேதி கேட்டு வாங்குங்கள். தீர்மானத்தின் நகலைக் கையோடு வாங்குங்கள்.

நாமே கூட்டம் போட்டால் அடுக்குமாடிக்காரர்கள் மட்டும்தான் வருகிறார்கள்...

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு கம்யூனிட்டி ஹாலில் போட்டால் அவர்கள்தான் வருவார்கள். கடைக்காரருக்கு அது வியாபார நேரம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது இரண்டாவது வீடு. மாணவருக்குத் தூக்கம். இந்தச் சாலையோரம் மூன்று விதமான ஊர் இருக்கிறது: தலைமுறையாக இருக்கும் ஊர்க்காரர்கள், தொண்ணூறுகளில் மனை வாங்கி வந்தவர்கள், பிறகு வந்த அடுக்குமாடிக்காரர்கள். ஒருவர் கூட்டத்துக்கு இன்னொருவர் போவதில்லை. கோயில் குளத்தையோ ஊர்ப் பெயரையோ வரைபடத்தில் தவறாக எழுதியதைக் கண்டுபிடிப்பவர் முதல் வகை. வரைபடம் படிப்பவர் மூன்றாம் வகை. இருவரும் ஒரே இடத்தில் நின்றால்தான் காரியம் ஆகும்.

எனக்குத் தெரிந்து நன்றாக நடப்பது நடைக் கூட்டம். கேம்ப் ரோடு முனையில் மாலை ஆறு மணிக்குக் கூடி, ராஜகீழ்ப்பாக்கம் வரை நடந்தே போவது. பேசுவதற்குப் பதில் நின்று காட்டுவது. இங்கே நடைபாதை முடிகிறது, இங்கே விளக்கு இல்லை, இங்கே ஷேர் ஆட்டோ நிற்கிறது, இங்கே சக்கர நாற்காலி இறங்காது. உதவிப் பொறியாளரையும் அழையுங்கள். மேசைக்குப் பின்னால் இருக்கும்போது பேசாதவர் சாலையில் நிற்கும்போது நிறையப் பேசுவார், அவரும் இதே சாலையில்தான் வீட்டுக்குப் போகிறார். மைக் இல்லாததால் வழக்கமாக மைக் பிடிப்பவரின் தொல்லையும் குறையும்.

மனு எப்படி எழுதுவது?

ஒரு பக்கம். ஓர் இடம், ஒரு குறை, ஒரு கோரிக்கை. "செம்பாக்கம் நிறுத்தத்துக்கும் ஏரிக்கரைத் தெரு முனைக்கும் இடையே கடக்கும் வழி இல்லை, இந்த இடத்தில் சிக்னலோடு வேண்டும்" என்பது மனு. "மக்கள் சொல்லொணாத் துயரத்தில் வாடுகிறார்கள்" என்பது மேடைப்பேச்சு. முன்னூறு பேர் கையெழுத்தைவிட, இருபது பேர் தனித்தனியாக எழுதிய இருபது மனு கூடுதலாக வேலை செய்யும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாக வேண்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்தால் பதிவு எண் கிடைக்கும்.

எம்.எல்.ஏ.வைப் பார்க்கலாமா?

தாராளமாக. இந்தச் சாலை வேளச்சேரி, சோழிங்கநல்லூர், தாம்பரம் என்று மூன்று தொகுதிகளைத் தொடுகிறது. மூவரையும் பாருங்கள். நிழற்குடை மாதிரிச் சின்ன வேலைகளுக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியே போதும், ஆனால் நிழற்குடையை நடைபாதையை அடைத்துக் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் வேலை.

நீதிமன்றம் போவது?

நடைமுறையை மீறியிருந்தால் போகலாம். நீர்வழியை அடைத்தால் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது, ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். வடிவம் பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் போனால் நீதிபதி பொறியாளரிடம்தான் திருப்பி அனுப்புவார். தடை ஆணை வாங்கிவிட்டால் வெற்றி என்று நினைக்காதீர்கள். பாதி இடித்த சுவரும் பாதி தோண்டிய வடிகாலுமாகச் சாலை அப்படியே கிடக்கும், அதில் நடக்க வேண்டியவர்கள் நாம். ஈ.சி.ஆரில் திருவான்மியூர்–அக்கரை அகலப்படுத்தல் நில எடுப்பிலேயே எத்தனை ஆண்டு இழுத்தது என்பதை அந்தப் பக்கம் இருப்பவர்களைக் கேளுங்கள்.

வேலை தொடங்கிவிட்டது, இனி என்ன பார்ப்பது?

ஒப்பந்ததாரர் பெயர், தொகை, முடிக்கும் தேதி உள்ள பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தோண்டிய பள்ளத்துக்குத் தடுப்பும் இரவில் ஒளிரும் பட்டையும் இருக்கிறதா, தற்காலிகப் பேருந்து நிறுத்தம் எங்கே என்று அடுத்தது. மழைக்காலத்துக்கு முன் வடிகால் துண்டுகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றனவா என்று நடந்து பார்க்க வேண்டும். இணைக்காமல் விட்ட பத்து மீட்டர்தான் டிசம்பரில் தெருவை மூழ்கடிக்கும்.

முடிந்த பிறகு ஒப்பந்தத்தில் குறைபாடு சரிசெய்யும் காலம் ஒன்று இருக்கும். அது எந்தத் தேதி வரை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பள்ளம் விழுந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் போட வேண்டும். துறையின் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு பதிவிட்டு, அதே புகாரைக் கோட்டப் பொறியாளருக்கு எழுத்திலும் அனுப்புங்கள்.